ஒரு நிமிடச் சோதனை

ஊறுகாயில் சேர்க்கும் வினிகரைப் புளிக்க வைப்பது அசெட்டிக் அமிலம். 3 முதல் 5 சதவீதம் வரை நீர்த்த அந்த அமிலத்தில் பஞ்சை நனைத்து, கர்ப்பப்பையின் வாயில் ஒற்றி எடுக்கிறார் ஒரு நர்ஸ். ஒரு நிமிடம் காத்திருக்கிறார். பிறகு நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்க்கிறார். ஆரோக்கியமான திசு வெளிர்சிவப்பாகவே இருக்கும். புற்றுநோயை நோக்கி மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். அவ்வளவுதான் சோதனை. லேபரட்டரி வேண்டாம், மைக்ரோஸ்கோப் வேண்டாம், ரிப்போர்ட்டுக்காக இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். பெண் மேஜையிலிருந்து இறங்குவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும்.

இத்தனை எளிய சோதனை கையில் இருக்கும் நாட்டில், 2022-ல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டது. இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். அதாவது ஏழு நிமிடத்துக்கு ஒரு உயிர் என்ற கணக்கைவிடவும் கொஞ்சம் அதிகம். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கு. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மார்பகப் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை அது புற்றுநோய் ஆவதற்கு முன்பே கண்டுபிடித்து அகற்றிவிடலாம்.

காரணம், இந்த நோய் அவசரமே படாது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி., இதற்கு மூலகாரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவில் இந்த வைரஸின் 16-ம் எண் வகையை 1983-ல் அடையாளம் காட்டினார் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின் மூலம் தொற்றும் வைரஸ் இது. உடனே ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சுக்குப் போய்விட வேண்டாம். வாழ்நாளில் ஒரே ஒருவரோடு மட்டும் உறவு கொண்ட பெண்ணுக்கும் இது வரலாம். உடலுறவு அனுபவம் உள்ள ஆண், பெண் எல்லோரிலும் மிகப் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒரு முறை தொற்றிவிடக் கூடிய சாதாரணக் கிருமி. பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். தங்கிவிடும் சிலருக்குத்தான் ஆபத்து. அவர்களுக்கும் செல்கள் மாறத் தொடங்கி முழுப் புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகச் சில. அந்த அவகாசத்தில் ஒரு முறையாவது எட்டிப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

பணக்கார நாடுகள் எட்டிப் பார்த்தன. கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய டாக்டர் ஜார்ஜ் பாபனிகோலாவின் பெயரால் அழைக்கப்படும் ‘பாப் ஸ்மியர்’ சோதனை 1940-களில் பரவத் தொடங்கியது. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறை. 1960-களில் பின்லாந்து தன் பெண்களை வரிசையாகக் கடிதம் போட்டு அழைத்துச் சோதித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கு இந்த நோய் ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்தது.

இந்தியாவால் அதைச் செய்ய முடியவில்லை. பாப் ஸ்மியருக்கு ஸ்லைடுகளைப் படிக்கப் பயிற்சி பெற்ற நிபுணர்கள் வேண்டும், லேப் வேண்டும், முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து மீண்டும் வரவழைக்க வேண்டும். பல கோடிப் பெண்களுக்கு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. எண்ணிப் பார்த்த அதிகாரிகள் கைவிரித்தார்கள். பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சோதனையாக அது தங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூன்று ஆராய்ச்சிகள் தொடங்கின. மூன்றும் நம் மண்ணில் நடந்தவை. உலகம் முழுவதும் ஏழை நாடுகள் இன்று இந்த நோயை எப்படிக் கையாள்கின்றன என்பதை நிர்ணயித்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலாவது, தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்கள் 49,311 பேருக்கு வினிகர் சோதனைக்கு அழைப்பு. வந்தவர்கள் 31,343 பேர். சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற நர்ஸ்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அன்றைக்கே கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் பார்த்து, பயாப்ஸிக்கு ஒரு துணுக்கு எடுத்து, பொருத்தமானவர்களுக்கு அதே அமர்வில் ‘கிரையோதெரப்பி’ என்ற உறைய வைக்கும் சிகிச்சையையும் முடித்து அனுப்பினார்கள். 2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. அழைக்கப்படாத பெண்களோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதமும் குறைவு. ஒரே ஒரு முறை சோதித்ததன் பலன் இது.

இரண்டாவது, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டம். 2023 முதல் அதன் பெயர் தாராஷிவ். சுமார் 1,31,000 பெண்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஹெச்.பி.வி. சோதனை, இன்னொன்றுக்குப் பாப் ஸ்மியர், மூன்றாவதற்கு வினிகர். நான்காவது பிரிவுக்கு எந்தச் சோதனையும் இல்லை. 2009-ல் வந்த முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. ஹெச்.பி.வி. சோதனை செய்த பிரிவில் 34 பேர் இறந்திருந்தார்கள். சோதனையே இல்லாத பிரிவில் 64 பேர். ஏறக்குறையப் பாதி. பாப் ஸ்மியரும் வினிகரும் மரணத்தைக் குறிப்பிடும்படி குறைத்ததாக அங்கே தெரியவில்லை.

மூன்றாவது, மும்பையின் குடிசைப் பகுதிகள். டாட்டா நினைவு மருத்துவமனையின் டாக்டர் சுரேந்திர சாஸ்திரியின் குழு சுமார் 1,50,000 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பல ஆண்டுகள் கவனித்தது. இங்கே சோதித்தவர்கள் நர்ஸ்கள்கூட அல்ல. பத்தாம் வகுப்பாவது படித்த பெண்கள், நான்கு வாரப் பயிற்சி. இரண்டாண்டுக்கு ஒரு முறையாக நான்கு சுற்று வினிகர் சோதனை செய்தார்கள். 2013-ல் அமெரிக்காவில் நடந்த புற்றுநோய் மாநாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. மரணத்தில் 31 சதவீதக் குறைவு. நாடு முழுவதும் இதைச் செய்தால் ஆண்டுக்கு 22,000 இந்தியப் பெண்களைக் காப்பாற்றலாம் என்று கணக்கிட்டார்கள்.

ஒரே வினிகர், மூன்று இடத்தில் மூன்று விதமான பலன். இதிலிருந்து என்ன தெரிகிறது? வினிகர் சோதனை பார்ப்பவரின் கண்ணை நம்பியது. பயிற்சியும் மேற்பார்வையும் தளர்ந்தால் சோதனையும் தளரும். ஹெச்.பி.வி. சோதனை வைரஸின் மரபுப்பொருளைத் தேடுவது. அதில் ‘இல்லை’ என்று வந்த பெண் பல ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஹெச்.பி.வி. சோதனையையே முதல் தேர்வாகச் சிபாரிசு செய்தது. 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை போதும். அந்த வசதி வரும்வரை வினிகரோ பாப் ஸ்மியரோ மூன்றாண்டுக்கு ஒரு முறை. எந்தச் சோதனை சிறந்தது என்பது நிபுணர்களின் விவாதம். சோதனையே இல்லாமல் இருப்பதைவிட ஏதாவது ஒன்று மேல் என்பதில் விவாதம் இல்லை.

இந்த மூன்று ஆராய்ச்சிகளைப் பற்றியும் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்றிலும் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பிரிவுப் பெண்களுக்கு நோயைப் பற்றிய தகவல் தரப்பட்டது. சோதனை தரப்படவில்லை. பாப் ஸ்மியரால் பலன் உண்டு என்று 1960-களிலிருந்தே தெரிந்திருக்க, ஆயிரக்கணக்கான பெண்களைச் சோதிக்காமல் விட்டுவிட்டு யார் சாகிறார்கள் என்று எண்ணுவது நியாயமா என்று இந்தியாவிலும் வெளிநாட்டிலும் கேட்டார்கள். இந்தியாவில் அன்று சாதாரணப் பெண்ணுக்குக் கிடைத்த கவனிப்பே அதுதான், எதையும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களின் பதில். அந்தப் பதில் ஆராய்ச்சியாளர்களைக் காப்பாற்றலாம். நாட்டைக் காப்பாற்றாது. எந்தச் சோதனையும் இல்லாமல் இருப்பதுதான் இங்கே வழக்கமான கவனிப்பு என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலத்தான் அது. அந்தப் பெண்களின் உயிரைக் கொடுத்து வாங்கிய பாடத்தை அமல்படுத்தினால் மட்டுமே அந்தக் கடன் தீரும்.

தீர்ந்ததா? தமிழ்நாடு 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டம் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரிவாக்கியது. மத்திய அரசு 2016-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 30 முதல் 65 வயது வரை எல்லாப் பெண்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வினிகர் சோதனை, இலவசமாக, ஊருக்குப் பக்கத்திலேயே. காகிதத்தில் குறையில்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் ஒரு முறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டதுண்டா என்று கேட்டது. ‘உண்டு’ என்றவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நல்ல நிலைதான். ஆனால் பத்தில் ஒன்பது பெண்கள் அங்கும் வரவில்லை.

வினிகருக்கும் பஞ்சுக்கும் பணம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தடை வேறிடத்தில் இருக்கிறது. நம் அரசு மருத்துவ அமைப்புக்குப் பெண் என்றால் கர்ப்பிணி. பதிவு செய்வார்கள், இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள், பிரசவம் பார்ப்பார்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு 30 வயதுக்குள் இதெல்லாம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலையில்லை. அங்கிருப்பவர்களுக்கும் அவரைக் கூப்பிடக் காரணமில்லை. சோதனை தேவைப்படும் வயது தொடங்குவது சரியாக அப்போதுதான்.

வந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மறைப்புத் திரை இல்லாத அறை, ஆண்கள் நடமாடும் வராந்தா, சரியான விளக்கு இல்லாத மேஜை. நோயே இல்லாதபோது இதற்கெல்லாம் யார் உட்படுவார்கள்? வெள்ளைத் திட்டு தெரிந்தால் மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அதற்கு ஒரு நாள் கூலி போக வேண்டும், பஸ் செலவு வேண்டும், வீட்டில் அனுமதி வேண்டும், கூட வர ஆள் வேண்டும். சீட்டு அலமாரியில் தங்கிவிடும். கண்டுபிடித்தும் சிகிச்சை தராத சோதனையால் ஒரு மரணமும் குறையாது. திண்டுக்கல்லில் சோதனையும் சிகிச்சையும் ஒரே அமர்வில் நடந்ததை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இன்று அது இன்னும் சுலபம். உறைய வைக்கும் சிகிச்சைக்குக் கனமான காஸ் சிலிண்டர் வேண்டும். இப்போது பாட்டரியில் ஓடும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. அதன் முனை சூடாகி, மாறிய திசுவை ஒரு நிமிடம் போலச் சுட்டு அழித்துவிடும். மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. லேசான வலி, சில நாள் நீர்க்கசிவு. ஹெச்.பி.வி. சோதனைக்கோ நர்ஸ் பார்க்கக்கூட வேண்டியதில்லை. ஒரு சிறு தூரிகையால் பெண்ணே மறைவாகத் தன் மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். டாக்டர் எடுப்பதற்கு ஏறக்குறைய இணையாக அது இருக்கிறது. கூச்சம்தான் தடையென்றால் அதற்கு இதுவே பதில்.

சோதனை இல்லாத இடத்தில் பயம் மட்டும் பரவும். பயத்துக்கு விலை உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் ஏராளமானோர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை அகற்றிக்கொண்டிருந்தது 2019-ல் செய்தியானது. மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று போன பெண்களிடம், எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும் என்று சொல்லப்பட்டதாகப் பலர் கூறினார்கள். அதே மாவட்டத்தை ஒட்டியிருப்பதுதான் உலகத்துக்குப் பாடம் சொன்ன உஸ்மானாபாத். தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைக் கண்காணிக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் அமல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. சாதாரண வெள்ளைப்படுதலுக்கும் வயிற்று வலிக்கும் கர்ப்பப்பையை எடுப்பது சிகிச்சை அல்ல. புற்றுநோய் பயத்தைக் காட்டி யாராவது ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், முதலில் கேட்க வேண்டியது: “சோதனை செய்தீர்களா? ரிப்போர்ட் எங்கே?”

தடுப்பூசி வந்துவிட்டதே, இனி சோதனை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஹெச்.பி.வி. தடுப்பூசி உலகச் சந்தைக்கு 2006-ல் வந்தது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த ‘செர்வாவாக்’ 2022-ல் அனுமதி பெற்று விலையைக் குறைத்தது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு, வைரஸ் தொற்றுவதற்கு முன் போட்டால் அருமையான பாதுகாப்பு. ஆனால் ஏற்கெனவே உள்ள தொற்றை அது குணப்படுத்தாது. இன்று 35, 45 வயதில் இருக்கும் பெண்களுக்குச் சோதனை மட்டுமே காவல். ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளுக்கும் 30 வயதானதும் சோதனை தேவை. எல்லா வகை வைரஸையும் ஊசி தடுத்துவிடுவதில்லை.

இனி, உங்கள் வீட்டுக் கணக்கு.

30 வயது நிறைந்த, மணமான எந்தப் பெண்ணும், எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை செய்துகொள்ள வேண்டும். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து விடுங்கள். அரசு மையங்களில் வினிகர் சோதனை இலவசம். தனியாரிடம் பாப் ஸ்மியருக்குச் சில நூறு ரூபாய் ஆகும். ஹெச்.பி.வி. சோதனைக்கு அதைவிடக் கூடுதல், ஆனால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை போதும்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு வினிகர் சோதனை அவ்வளவாகப் பொருந்தாது. பார்க்க வேண்டிய பகுதி வயதாக ஆக உள்ளே சென்று மறைந்துவிடும். அவர்கள் பாப் ஸ்மியரோ ஹெச்.பி.வி. சோதனையோ கேட்டுப் பெற வேண்டும்.

சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கிருமித் தொற்றும் புண்ணும்கூட வெள்ளையாகத் தெரியலாம். பெரும்பாலோருக்கு எதுவும் இருக்காது. சிலருக்குச் சுலபமாக அகற்றக்கூடிய மாற்றம் இருக்கும். மிகச் சிலருக்கே புற்றுநோய், அதுவும் பெரும்பாலும் ஆரம்ப நிலையில். ஆனால் அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு திரும்பவும் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்: இவற்றில் ஏதாவது இருந்தால் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராகப் பெண்கள் நல டாக்டரிடம் போக வேண்டும். ‘வயசானா அப்படித்தான்’ என்ற பதிலை வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அரசுக்கும் ஒரு யோசனை. பள்ளிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடும் நாளில் பெரும்பாலும் அம்மாதான் அழைத்து வருவார். அந்த அம்மாவுக்கு வயது 30-க்கு மேல் இருக்கும். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அவர் மருத்துவமனைப் பக்கம் வந்திருக்க மாட்டார். மகளுக்கு ஊசி போடும் அதே கட்டடத்தில், கதவடைத்த ஒரு அறையில், ஒரு பெண் நர்ஸும் நல்ல விளக்கும் சுடு கருவியும் இருந்தால் போதும். அம்மாவின் சோதனையையும் சிகிச்சையையும் அன்றைக்கே முடித்து இருவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பலாம். திண்டுக்கல்லிலும் உஸ்மானாபாத்திலும் மும்பையிலும் பெயர் பதிந்துகொண்ட பெண்களுக்கு நாம் செய்ய வேண்டியதில் அது முதல் தவணையாக இருக்கும்.